ராஜகிரி உச்சிக்கு ஒரு முதுகுப் பை

என் செல்ல நைனாவுக்கு,

கடைத்தெரு வீட்டிலிருந்து உங்கள் மகள் தனம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் கெண்டைக்கால் இரண்டும் விண்விண்ணென்று வலிக்கிறது. அந்த வலியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கண்ணை மூடி ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் ஒரு வரி எழுதியதில்லை. அழுகையை எழுதி அனுப்ப எனக்கு இஷ்டமில்லை, நீங்களும் அதைப் படித்துவிட்டு அங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் சந்தோஷம். பீற்றிக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. உங்களை விட்டால் நான் யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வேன்?

நைனா, நான் ராஜகிரி உச்சிக்கு ஏறிவிட்டேன். என் சொந்தக் காலில், முதுகில் பையோடு.

வேறு யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். செஞ்சியில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் டீச்சர், வாசலில் நின்று நிமிர்ந்தால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும், அதை ஏற முப்பத்தேழு வயது வரை என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். பொங்கல் லீவில் அண்ணனும் சித்தப்பா பிள்ளைகளும் கோட்டை ஏறுவார்கள். நானும் நைனாவும் கீழே கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மஹால் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்போம். நான் அழுதால் நைனா சொல்வார்: "மேல ஒண்ணும் இல்ல கண்ணு. வெறும் கல்லு. வெயில்ல காஞ்சி போய்க் கெடக்குது." நான் நம்பினேன். பிறகு பெரியவளானேன், இழுப்பும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை என்று குறைந்துபோனது. ஆனால் தனம் ஏறமாட்டாள் என்பது வீட்டில் சுவர் கடிகாரம் மாதிரி ஒரு நிலையான சங்கதியாகிவிட்டது. நானே அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எஸ்தர் அம்மா என்று ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்திருக்கிறார். நீங்கள் பார்த்ததில்லை. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, அவர் நடந்தால் நாங்கள் ஓட வேண்டும். லீவு விட்டால் மலை, காடு என்று கிளம்பிவிடுவார். இந்த அரையாண்டு லீவில் இஷ்டப்பட்ட டீச்சர்களைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நீலகிரியில் மூன்று நாள் நடை. அதற்குப் பிறகு முதுமலைக் காட்டில் இரண்டு நாள், வேனில் உட்கார்ந்தும் யானைமேல் உட்கார்ந்தும் மிருகங்களைப் பார்ப்பது. கூண்டில் இல்லாத மிருகங்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை தூக்கியாகிவிட்டது. யார் கை அது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம்தான் அந்த அம்மா நிபந்தனையைச் சொன்னார். "அவங்கவங்க சாமான அவங்கவங்க முதுகுலதான் தூக்கணும். கூலியாள் கிடையாது. காட்டுக்கு எடுத்துட்டு வரப்போற பைய அப்படியே கட்டி, ராஜகிரி உச்சிக்கு ஏறிக் காட்டுங்க. ஏறினவங்க வரலாம். பாதியில இறங்கினவங்க லீவுக்கு வீட்ல இருங்க."

ஐந்து பேர் பெயர் கொடுத்தோம். நான்கு பேர் சிரித்தார்கள். நான் ஜன்னல் வழியே ராஜகிரியைப் பார்த்தேன்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம்.

"இன்னாத்துக்குப் போற?" என்றார்.

"யானை பாக்க."

"யானையா? திருவண்ணாமல கோயில்ல இருக்குதே. பஸ் ஏறினா ஒரு மணி நேரம்."

"அது கட்டிப்போட்ட யானைண்ணா."

"அவுத்து வுட்ட யானைய எதுக்கு இவ்ளோ தூரம் போயிப் பாக்கணும்? அது நம்மளப் பாத்துடுச்சின்னா?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் அண்ணன் தடுக்கவில்லை. அவர் மனசு தங்கம், உங்களுக்குத் தெரியும். நாக்குத்தான் பயந்த நாக்கு. மறுநாள் கடையில் யாரோ கேட்டிருக்கிறார்கள். கல்யாணமாகாத தங்கை, நாலு பொம்பளைகளோடு சேர்ந்து, காரணமில்லாமல் காட்டுக்குப் போகிறாள் என்று எப்படிச் சொல்வது? துணி அளந்துகொண்டே சொல்லிவிட்டார்: "மலைக் கோயிலுக்குப் போவுது. வேண்டுதல்."

அவ்வளவுதான் நைனா. கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. முப்பத்தேழு வயதில் தனத்துக்கு என்ன வேண்டுதல் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பாத்திரக் கடை அலமேலம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "இப்பவாவது தோணுச்சே. அவன் கண்ண தொறப்பாம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் பெரியவராயிற்றே என்று சிரித்து வைத்தேன்.

நம் தெருப் பழக்கம் தெரியுமே உங்களுக்கு. ஒருவர் மலைக் கோயிலுக்குக் கிளம்பினால் மற்றவர்கள் நேர்ந்துவைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுப்பார்கள், போகிறவர் சுமந்துபோய்ச் சேர்க்க வேண்டும். நேர்ந்த பொருளை வாசலிலிருந்து திருப்பி அனுப்பக்கூடாது. எதிர்வீட்டு ரங்கம்மா முதலில் வந்தாள். உப்பும் மிளகும் ஒரு படி, மூட்டையாகக் கட்டி. அவள் மகளுக்குக் கழுத்தில் மரு. "மலமேல இருக்கற சாமிகிட்ட சேத்துடு தனம்" என்றாள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இரண்டு அச்சு வெல்லம் கொடுத்தார், அவரால் தின்ன முடியாததைச் சாமிக்கு விட்டுவிட்டாராம். கண் புரை விழுந்த கிழவருக்காக ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் வந்தது. மூன்று தேங்காய் வந்தது. கடைசியில் அலமேலம்மா தன் பங்கைக் கொண்டுவந்து பொத்தென்று வைத்தார். பித்தளை மணி. கையகலம் என்று நினைக்காதீர்கள், ஒரு சொம்பு அளவு. கடையிலேயே கனமான மணி. பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண வேண்டுமாம்.

"அம்மா, நான் போற எடத்துல கோயிலே இல்லம்மா" என்றேன். அப்படியாவது தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

"மலன்னா சாமி இல்லாம இருக்குமா? போய்ப் பாரு. இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு நடுவே எஸ்தர் அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். முதுகில் மாட்டுகிற கேன்வாஸ் பை ஒன்று, கையில் எதுவும் இருக்கக்கூடாது. கேன்வாஸ் ஷூ. ஸ்வெட்டர். ஒரு கம்பளி. டார்ச் லைட். தண்ணீர் பாட்டில். ஒரு தட்டு, ஒரு டம்ளர். அட்டைப் பூச்சிக்கு உப்புப் பொட்டலம். கடைசியில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்: சிவப்பு, மஞ்சள் புடவை கூடாது. பூ, வாசனைத் தைலம், கண்ணாடி வளையல் கூடாது. மணத்துக்கும் சத்தத்துக்கும் மிருகங்கள் ஓடிவிடும்.

அண்ணி அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "பூ கூடாது, வளையல் கூடாது, நெறம் கூடாது. ஏன் தனம், இது ஊர் பாக்கப் போறதா, இல்ல தாலியறுத்தவள மூலையில ஒக்கார வெக்கறதா? அந்தப் புலிக்குப் பாவம் அவ்ளோ பயமா?"

எனக்குச் சிரிப்பு வந்தாலும் அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. வெறுங்கையோடு வாசல் தாண்டக்கூடாது என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வளையல்கடையிலிருந்து அவரே ஒரு டஜன் ரப்பர் வளையல் வாங்கி வந்தார். பச்சை நிறம். என் கையில் மாட்டி, கையைப் பிடித்து உதறு உதறு என்று உதறிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. "உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட சொல்லு, எந்தப் புலியும் ஓடாது" என்றார். அண்ணியை நான் அன்றைக்குக் கட்டிக்கொண்டேன் நைனா. அதற்கு முன் கட்டிக்கொண்டதாக ஞாபகமில்லை.

புடவை விஷயம் இன்னும் வேடிக்கை. மண் நிறத்துக்கு நம் கடையில் எங்கே போவது? அரக்கும் மஞ்சளும் கிளிப்பச்சையும்தானே அடுக்கியிருப்போம். அண்ணன் யோசித்துவிட்டு மேல் அலமாரியில் கடைசி அடுக்கிலிருந்து இரண்டு புடவை இழுத்தார். காய்ந்த ஏரிச் சேறு நிறம். நீங்கள் இருந்த காலத்தில் ஏமாந்து வாங்கிய சரக்காம். பத்து வருடமாக ஒருத்தி தொட்டுப் பார்க்கவில்லை. "இதுக்குன்னு ஒருத்தி பொறந்து வருவான்னு நைனா அப்பவே சொன்னாரு" என்றார். அவரை முறைத்தேன். ஆனால் கட்டிப் பார்த்தால் எனக்கு அது நன்றாகவே இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நின்றேன்.

சரி, பை கட்டின கதைக்கு வருகிறேன். நம் வீட்டில் வெளியூர்ப் பயணம் என்றால் திருப்பதிக்குப் போகிற மாதிரிதான் மூட்டை கட்டத் தெரியும். ஜமுக்காளம், ஸ்டவ், கூஜா, புளியோதரைத் தூக்கு, ஊறுகாய் ஜாடி, முறுக்கு டின், சூடம், குங்குமச் சிமிழ். நான் பையில் தாளில் உள்ளதை மட்டும் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பை கர்ப்பிணி மாதிரி இருக்கும். அண்ணி வேலை. ஸ்டவ்வை எடுத்து வெளியே வைப்பேன். மறுநாள் ஸ்டவ் இருக்காது, அதற்குப் பதில் கூஜா இருக்கும். நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான் எடுப்பேன், அவர் வைப்பார். ஒரு வாரம் இப்படிப் போனது. அண்ணி வைத்ததை எடுத்துவிட முடிந்தது. தெரு கொடுத்ததை எடுக்க முடியவில்லை. மணியும் உப்பும் வெல்லமும் தேங்காயும் பையின் அடியில் கல்லாக உட்கார்ந்திருந்தன.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து பேரும் கோட்டை வாசலில் கூடினோம். மழை ஓய்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, அகழியில் தண்ணீர். மற்றவர்கள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு குதித்தார்கள். நான் மாட்டினேன், பின்னால் சாய்ந்தேன். எஸ்தர் அம்மா வந்து பிடித்தார்.

"உள்ள என்ன கல்லா?"

"வேண்டுதல்" என்றேன்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். வழியில் சொல்கிறேன் என்று நடக்க ஆரம்பித்தேன். ஆனால் வழியில் பேச மூச்சு எங்கே இருந்தது? முதல் நூறு படிக்குள்ளேயே எனக்கு வேர்த்துவிட்டது. மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டியிருந்தேன், அப்படியும் படிக்குப் படி டொக் என்றது. மற்ற டீச்சர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் சிரிப்பு மட்டும் மேலேயிருந்து வந்தது. கமலக்கண்ணி அம்மன் கோயிலை எட்டியபோது என் நெஞ்சில் அந்தப் பழைய விசில் ஆரம்பித்துவிட்டது.

அம்மன் எதிரே பாறையில் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். எஸ்தர் அம்மாவும் உட்கார்ந்தார். "இத்தனையும் காட்டுக்கு வருதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எதற்கு என்று கேட்டார். மூச்சு விட்டு விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் சொன்ன பொய், தெருவின் வேண்டுதல், திருப்ப முடியாதது, அங்கே கோயிலே இல்லாதது. அவர் வேறு சாமியைக் கும்பிடுகிறவர், ஆனாலும் சிரிக்கவில்லை. "அந்தச் சாமிக்குப் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். பெயர் இல்லை நைனா. அண்ணன் இல்லாத கோயிலைக் கட்டிவிட்டு அதற்குச் சாமி வைக்க மறந்துவிட்டார். ரங்கம்மா பெயர் சொல்லவில்லை. அலமேலம்மா சொல்லவில்லை. ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றுதான், மலைமேல் இருக்கிற சாமியிடம் சேர்த்துவிடு. நான் உட்கார்ந்திருப்பது மலை. எதிரே இருப்பது சாமி. வேறென்ன வேண்டும்?

எழுந்து பையைப் பிரித்தேன். உப்பையும் மிளகையும் அம்மன் வாசலில் கொட்டி, ரங்கம்மா மகள் கழுத்து மருவுக்கு என்று சத்தமாகச் சொன்னேன். கண்மலரை வைத்து அந்தக் கிழவர் பெயரைச் சொன்னேன். மூன்று தேங்காயையும் உடைத்தேன். வெல்லத்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு குரங்கு வந்து ஓர் அச்சை எடுத்துக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர் வேண்டுதல் அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளப்பட்டதில் எனக்குத் திருப்திதான். மணியை வாசல் கம்பியில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். நாக்கில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு அடித்தேன். அலமேலம்மா பிள்ளை பாஸாகட்டும் என்றேன். பள்ளத்தில் போய் அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

"இப்ப சரியா?" என்று ஹெட்மிஸ்ட்ரஸைக் கேட்டேன். நிபந்தனை மீறிவிட்டேனோ என்று பயம்.

"காட்டுக்கு வர்ற பையத்தான் தூக்கச் சொன்னேன். இதெல்லாம் காட்டுக்கு வரலையே. எழுந்திரு" என்றார்.

பை பாதியாகிவிட்டது. ஆனால் நெஞ்சு பாதியாகவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பாறை பிளந்து கிடக்கிற இடத்தில் பலகைப் பாலம் இருக்கிறதே, அங்கே வந்தபோது மூச்சு நிஜமாகவே அடைத்துக்கொண்டது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். கண் இருட்டியது. அப்போது உங்கள் குரல் கேட்டது. போதும் கண்ணு, எறங்கிடலாம். அப்படியே உங்கள் குரல், புகையிலை வாசனையோடு.

"போதாது நைனா" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

எஸ்தர் அம்மா, "யார்கிட்ட பேசற?" என்றார்.

"எங்க நைனாகிட்ட."

"என்ன சொல்றாரு?"

"எறங்கச் சொல்றாரு."

அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ என்ன சொல்ற?"

நான் இழுப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மூச்சு, அப்புறம் ஒரு மூச்சு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விசில் மெல்ல இறங்கியது. உங்கள் பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை, உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் எடுப்பது என்பதுகூட உங்களைக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன். அன்றைக்குத் தட்டினேன். எழுந்து பாலத்தைத் தாண்டினேன். பலகை ஆடியது. கீழே பார்க்கவில்லை.

மேலே போனேன் நைனா.

மேலே ஒன்றுமில்லை என்றீர்களே. எத்தனை பெரிய பொய். ரங்கநாதர் கோயில் இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, ஆள் நீளத்துக்கு ஒரு பீரங்கி கிடக்கிறது. கிருஷ்ணகிரி எதிரே நிற்கிறது. மழைத் தண்ணீரில் ஏரிகள் எல்லாம் ரொம்பி, நெல் வயல் பச்சைக்கு நடுவே பளபளவென்று கிடக்கின்றன. கல்யாண மஹால் ஒரு டிபன் கேரியர் அளவுக்குத் தெரிகிறது. அதன் நிழலில் நாம் உட்காருகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். அங்கிருந்து எல்லாவற்றையும் பார்க்க முடியாது. உச்சியிலிருந்து எல்லாம் தெரிகிறது, நாம் உட்கார்ந்திருந்த இடமும் தெரிகிறது.

நீங்கள் இளவட்டத்தில் வாரத்துக்கு ஒருதரம் ஏறுவீர்கள் என்று சித்தப்பா பிறகு சொல்லியிருக்கிறார். நான் பிறந்த பிறகு ஒருதரமும் ஏறவில்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டே, வெறும் கல்லு என்று சொல்லி, என்னோடு கடலை உரித்தீர்கள். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? அந்தப் பீரங்கியில் சாய்ந்து நன்றாக அழுதேன். இனிமேல் எனக்காகக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டாம் நைனா என்று சொன்னேன். கேட்டதா?

அழுது முடித்துப் பையைத் திறந்தால் அடியில் முறுக்கு டின். அண்ணி ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்திருக்கிறார். ஆறு பேரும் குரங்குகளுக்குத் தெரியாமல் திரும்பி உட்கார்ந்து தின்றோம். எஸ்தர் அம்மா நான்காவது முறுக்கை எடுத்துக்கொண்டு, "இத மட்டும் காட்டுக்கு எடுத்துட்டு வா" என்றார். அண்ணியிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இறங்கி வந்ததும் நான் ஒளித்துவைக்கவில்லை. குளித்த ஈரத் தலையோடு நேரே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன், உங்கள் வேண்டுதல் கமலக்கண்ணியிடம் சேர்ந்துவிட்டது என்று. ரங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அலமேலம்மாதான் கொஞ்சம் கலங்கினார். "நம்ம ஊர் அம்மனா? தெனம் பாத்துக்கினு இருக்கறவளாச்சே. எம் புள்ள படிக்கிற லட்சணம் அவளுக்குத் தெரியுமேடி" என்றார். அப்புறம் அவராகவே தேறிக்கொண்டு, பிள்ளையைக் கூப்பிட்டு, மணி கோயிலில் தொங்குகிறது, படிக்காவிட்டால் தானாக அடிக்கும் என்று மிரட்டிவிட்டார். பையன் இப்போது படிக்கிறானாம்.

ஆனால் என் வேண்டுதல் என்று தெரு நினைத்துக்கொண்டிருப்பது அப்படியே இருந்தது. அதை நானே போய் உடைக்கலாம். உடைத்தால் அண்ணன் பொய் சொன்னவராவார், அவர் கடை நடத்துகிறவர். இந்த ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. ராஜகிரி ஏறியும் கல்யாணப் பிரார்த்தனைக்காரியாகத்தான் பஸ் ஏற வேண்டுமா? ஐந்து நாள் யோசித்தேன்.

இன்று மத்தியானம் அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். பின்கட்டில் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் தட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது அலமேலம்மா வந்தார். ஜாக்கெட் துணி கேட்டார். அண்ணன் அளந்துகொண்டிருந்தார்.

"ஏம்பா, நாளைக்குக் கெளம்புறாளாமே. எங்க வேண்டுதலையெல்லாம் இங்கயே முடிச்சிட்டா. அவ வேண்டுதல் மட்டும் எந்தச் சாமிக்கு?"

மீட்டர் கோல் நின்றது. அண்ணன் ஏதாவது ஒரு மலையின் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்கு ஒரு வேண்டுதலும் இல்லக்கா" என்றார். "நான்தான் வெக்கப்பட்டுக்கினு அப்படிச் சொன்னேன். அது சுத்திப் பாக்கப் போவுது. யானை, புலி, மலை எல்லாம்."

"எதுக்குப்பா?"

"பாக்கறதுக்குத்தான். ராஜகிரி உச்சிக்கு ஏறிட்டுது, தெரியுமா உனக்கு? முதுகுல பையோட. நான் ஏறி இருபது வருசம் ஆவுது."

"இழுப்புக்காரியாச்சே."

"ஆமா. இழுப்போடதான் ஏறிச்சு."

அலமேலம்மா காசை எண்ணி வைத்தார். பிறகு, "யானை பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டு போனார். நான் வெளியே வந்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் துணியை மடித்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. நான் சாப்பாட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி நெய் விட்டேன்.

நாளைக் காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ். அங்கிருந்து சேலம், சேலத்தில் ரயில். பையைக் கட்டி முடித்துவிட்டேன், இனி யாரும் எதுவும் வைக்கப்போவதில்லை, அண்ணிகூட.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் நைனா. மலையில் இழுப்பு வந்தால் உட்காருவேன், வீம்புக்கு நடந்து காட்டமாட்டேன். மூச்சு திரும்பியதும் எழுந்து நடப்பேன், திரும்பிமட்டும் வரமாட்டேன். ரயிலில் யாராவது எதற்காகப் போகிறாய் அம்மா என்று கேட்பார்கள், நம் ஜனம் கேட்காமல் விடாது. அண்ணன் சொன்ன பதிலையே சொல்வேன். பார்க்கறதுக்குத்தான்.

இப்படிக்கு,
தன் பையைத் தானே தூக்குகிற உங்கள் கடைசி மகள்,
தனம்